நுரையீரல் பரிசோதனை: கடிதம் வந்தும் போகாதோரும் கடிதமே வராதோரும்

உலகில் ஆகக்கூடுதலான மனிதர்களைக் கொல்லும் புற்றுநோய் நுரையீரல் புற்றுநோய்தான். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் அதனால் மாண்டனர். அதே ஆண்டில் மார்பகப் புற்றுநோயினாலும் குடற்புற்றுநோயினாலும் இறந்தோரின் தொகைகளை ஒன்றாகக் கூட்டினாலும் இதனை எட்டாது. இத்தனை உயிர்கள் போவதற்கு நோயின் கொடுமை ஒரு காரணம். அது தன்னை வெளிக்காட்டும் நேரம் இன்னொரு காரணம். நுரையீரலுக்குள் வளரும் சிறு கட்டி வலிப்பதில்லை. இருமலில் இரத்தம் தென்பட்டு, மூச்சு வாங்கி, உடல் மெலிந்து வைத்தியரிடம் போகும் வேளையில் நோய் பெரும்பாலும் எலும்புக்கோ ஈரலுக்கோ மூளைக்கோ குடிபெயர்ந்திருக்கும். இங்கிலாந்தில் முதலாம் கட்டத்தில் கண்டறியப்பட்டோரில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கின்றனர். நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டோரில் அவ்வாறு வாழ்வோர் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே.

நோயை முன்னரே கண்டுபிடித்தால் நோயோடு வாழும் காலம் நீண்டதுபோலத் தோன்றுமே தவிர ஆயுள் நீளாது என்று வாதிடுவோர் உண்டு. நியாயமான ஐயம்தான். அதனைத் தீர்த்துவைத்தவை இரண்டு பெரிய ஆய்வுகள். அமெரிக்காவில் 53,000க்கும் அதிகமான புகைப்பழக்கம் உடையோரையும் அதனைக் கைவிட்டோரையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயும் மறுபாதியினருக்குக் குறைந்த கதிர்வீச்சிலான சி.ரி. ஸ்கானும் ஆண்டுக்கொரு தடவையாக மூன்று தடவைகள் செய்தனர். 2011இல் முடிவு வெளியானது. ஸ்கான் செய்யப்பட்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் நூற்றுக்கு இருபது வீதத்தால் குறைந்திருந்தன. பின்னர் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. பத்தாண்டுகளின் முடிவில் ஆண்களிடையே மரணங்கள் 24 வீதத்தால் குறைந்திருந்தன. குறைந்தவை மரணங்கள் என்பதால் 'தோற்றம்' என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

கருவி இருக்கிறது. அது உயிர் காக்கும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ஆனால் ஆட்கள் வருகிறார்கள் இல்லை.

அமெரிக்காவில் இப்பரிசோதனை 2013இலிருந்து பரிந்துரைக்கப்படுகிறது. 2021இல் வயதெல்லை 50 முதல் 80 வரை என விரிக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் இருபது ஆண்டுகள் புகைத்தவராகவும், இன்னமும் புகைப்பவராகவோ கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் விட்டவராகவோ இருந்தால் ஒருவர் தகுதி பெறுவார். அவ்வாறு தகுதி பெற்றோரில் 2022இல் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் மட்டுமே. மார்பகப் பரிசோதனைக்குப் போகும் அமெரிக்கப் பெண்களின் வீதத்தோடு ஒப்பிட்டால் இது வெட்கப்படவேண்டிய எண். வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதில்தான் எனக்கும் சில வைத்திய நண்பர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு. "சொன்னால் கேட்கமாட்டார்கள், அறிவூட்ட வேண்டும்" என்பது அவர்கள் கட்சி. அழைக்கும் முறையிலும் புகைப்பவரைச் சமூகம் பார்க்கும் பார்வையிலுமே கோளாறு என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சியாக நான் முதலில் அழைப்பது மன்செஸ்டர் நகரத்தை. 2016இல் அங்கு வறுமை மிகுந்த மூன்று பகுதிகளில் ஒரு பரீட்சார்த்த முயற்சி நடைபெற்றது. நோயாளரை வைத்தியசாலைக்கு வரச்சொல்லாமல், ஸ்கான் இயந்திரத்தை லொறியில் ஏற்றிக் கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களில் கொண்டுபோய் நிறுத்தினர். பாணும் பாலும் வாங்க வருகிற இடம். அழைப்பில் புற்றுநோய் என்ற சொல் முன்னால் வந்து மிரட்டவில்லை. 'நுரையீரல் நலப் பரிசோதனை' என்றே அதற்குப் பெயர். ஒரு தாதி உட்கார்ந்து பேசுவார், மூச்சின் அளவைப் பார்ப்பார். ஆபத்து அதிகம் எனக் கணக்கில் தெரிந்தவர் அப்படியே அடுத்த லொறிக்குள் போய் ஸ்கான் செய்துகொள்ளலாம். மீண்டும் ஒருநாள் வேலைக்கு விடுப்பு எடுக்கவேண்டிய அவசியமில்லை. முதற்சுற்றில் ஸ்கான் செய்யப்பட்ட 1,384 பேரில் 42 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அதாவது 33 பேரில் ஒருவருக்கு. கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் நூற்றுக்கு எண்பது முதலிரு கட்டங்களிலேயே இருந்தன. எந்த நோவும் இல்லாமல் பால் வாங்க வந்தவர்கள் இவர்கள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

மன்செஸ்டரில் கிடைத்த பாடமே 2019இலிருந்து இங்கிலாந்தின் வேறு பகுதிகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. 55 முதல் 74 வயது வரையுள்ள, எப்போதாவது புகைத்த வரலாறு உடையோருக்கு அழைப்பு விடுக்கப்படுகிறது. 2023இல் அரசாங்கம் இதனை நாடளாவிய திட்டமாக அறிவித்தது. 2030அளவில் முழு இங்கிலாந்தையும் எட்டுவது இலக்கு. இத்திட்டத்தின் வழியாகக் கண்டறியப்பட்ட நுரையீரல் புற்றுநோய்களில் 76 வீதமானவை ஆரம்பக் கட்டங்களில் இருந்தன என்றும், திட்டத்துக்கு வெளியே 2019இல் அவ்வீதம் 29 மட்டுமே என்றும் அந்த அறிவிப்பில் கூறப்பட்டது. ஆயினும் இங்கும் அழைக்கப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வருவதில்லை. வராதோரில் அதிகமானவர்கள் இன்னமும் புகைப்பவர்களும் ஏழைகளும். எவருக்கு ஆபத்து மிகையோ அவரே வீட்டில் இருந்துவிடுகிறார்.

ஏன்? இலண்டனில் 2015 முதல் 2017 வரை நடத்தப்பட்ட ஆய்வொன்று, சொற்களை விற்றுச் சீவிக்கும் எம்போன்றோர் கவனிக்கவேண்டியது. அழைப்புடன் அனுப்பப்படும் துண்டுப்பிரசுரம் பயமுறுத்துவதாகவும் குற்றஞ்சாட்டுவதாகவும் இருப்பதுதான் மக்கள் வராமைக்குக் காரணமோ என்று ஆய்வாளர் எண்ணினர். ஆகவே ஒரு சாராருக்கு வழமையான பிரசுரத்தையும், மற்றச் சாராருக்கு மென்மையாகவும் சுருக்கமாகவும் எழுதப்பட்ட பிரசுரத்தையும் அனுப்பினர். வாகனங்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் கட்டாயச் சோதனை பிரித்தானியாவில் எல்லோருக்கும் தெரிந்தது. அதுபோல இது உங்கள் நுரையீரலுக்கான சோதனை என்று நயமாக எழுதியிருந்தனர். விளைவு? இரு சாராரிலும் ஏறத்தாழ ஒரே வீதத்தினர் வந்தனர். மொத்தமாக 52.6 வீதம். பிரசுரத்தின் நடையழகு ஓர் ஆளைக்கூட மேலதிகமாகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

ஆனால் இரு சாராருக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட சில காரியங்கள் இருந்தன. அழைப்பு அவரவர் குடும்ப வைத்தியரின் பெயரில் போயிற்று. 'விரும்பினால் தொடர்பு கொள்க' என்று விடாமல் நாளும் நேரமும் குறித்தே அனுப்பினர். வராதவருக்கு நினைவூட்டற் கடிதமும் போயிற்று. இதற்கு முந்திய வேறொரு பிரித்தானிய ஆய்வில் வினாக்கொத்தைத் தபாலில் அனுப்பி, நிரப்பித் திருப்பியனுப்பும்படி கேட்டபோது இசைந்து பதிலெழுதியோர் நூற்றுக்கு முப்பதளவினரே. அந்த ஆய்வில் புகைக்காதவர்களுக்கும் கடிதம் போனமையால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாதுதான். எனினும் திசை தெரிகிறது. மனிதரை வரவைப்பது உபதேசமல்ல. குறித்த நாள், அருகிலுள்ள இடம், அறிந்த வைத்தியர், இரண்டாம் தடவை நினைவூட்டும் ஒருவர் ஆகியவையே. அமெரிக்காவில் இவற்றில் பல இல்லை. அங்கு முதியோருக்கான அரச காப்புறுதி 2015இல் இப்பரிசோதனைக்குப் பணம் கொடுக்க முன்வந்தபோது, அதற்குமுன் வைத்தியர் நன்மை தீமைகளை விளக்கும் தனிச் சந்திப்பொன்றை நிபந்தனையாக்கியது. நல்ல நோக்கம். ஆனால் பதினைந்து நிமிடத்தில் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து முடிக்கவேண்டிய வைத்தியருக்கு அதற்கு நேரம் எங்கே?

நேரமும் தூரமும் போக எஞ்சுவது வெட்கம். மார்பகப் புற்றுநோய் வந்தவரிடம் எவரும் முதற்கேள்வியாக "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பதில்லை. நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லி வாய் மூடுமுன் "சிகரட் பிடித்தவரோ?" என்ற கேள்வி வந்துவிடும். ஆம் என்றால் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி படரும். தான் செய்த வினை என்ற கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது. ஒருபோதும் புகைக்காதவருக்கும் இந்நோய் வருகிறது என்பதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இந்தப் பார்வையை நன்கறிந்த ஒருவர், எந்த நோவும் இல்லாதபோது, தானாகப் போய் அந்தக் கேள்விக்கு முன்னால் ஏன் உட்கார வேண்டும்? வராதிருப்பதை அறியாமை என்று நான் கொள்ளவில்லை. அவமதிப்பிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் செயலாகவே கொள்கிறேன். பெட்டியில் அழுகிய நுரையீரலின் படத்தை அச்சிட்டு இருபது ஆண்டுகள் பயமுறுத்திய பின்னர், அந்த நுரையீரலைக் காட்ட வா என்று அழைத்தால் கால் எழும்பாது. புகைத்தலுக்கு எதிரான பிரசாரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது பல இலட்சம் உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் பழக்கத்தைப் பழிப்பதும் பழகியவரைப் பழிப்பதும் வேறு வேறு.

இனி எம்மவர் விடயத்துக்கு வருகிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வடக்கு கிழக்கிலிருந்து புலம்பெயர்ந்த ஆண்களில் பெருந்தொகையினர் இப்போது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டனர். ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் இவர்களிற் பலர் இத்திட்டத்தின் வயதெல்லைக்குள் அகப்படுகின்றனர். பெற்றோல் நிலையங்களிலும் உணவகச் சமையலறைகளிலும் இரவு வேலை செய்த காலத்தில் குளிருக்கும் தனிமைக்கும் துணையாகச் சிகரட்டைப் பற்றியவர்கள் எத்தனைபேர் என்பது அவர்களோடு ஓர் அறையில் ஆறுபேராக வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் பலவேளைகளில் தெரியாது.

ஏனெனில் எம்மிடையே புகைத்தல் மறைக்கப்படும் பழக்கம். பெரியவர் முன்னால் சிகரட்டை ஒளித்தல் மரியாதை. தகப்பன் வருவதைக் கண்டு கையைப் பின்னால் கொண்டுபோகாத மகன் அடங்காதவன். பிற்காலத்தில் அதே மகன் தகப்பனாகித் தன் பிள்ளைகளுக்கு ஒளித்துப் பிடிக்கிறான். பெண்கள் விடயத்தில் இந்த ஒளிப்பு இன்னும் இறுக்கமானது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துக் கிழவிகள் திண்ணையிலிருந்து வெளிப்படையாகச் சுருட்டுப் பிடித்தார்கள் என்பதை இன்றைய பேத்திமாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த மரியாதைக்கும் பரிசோதனைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நேரடித் தொடர்பு. இங்கிலாந்தில் அழைப்புக் கடிதம் யாருக்குப் போகவேண்டும் என்பது குடும்ப வைத்தியரின் பதிவேட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. புகைப்பவர் அல்லது முன்னர் புகைத்தவர் என்று அங்கு பதியப்பட்டவருக்கே கடிதம். ஒருபோதும் புகைக்காதவர் என்று இருந்தால் அவர் முப்பது வருடம் ஊதித் தள்ளியிருந்தாலும் கடிதம் வராது. அந்தப் பதிவு எப்படி உண்டானது? புதிய வைத்தியரிடம் பதியப் போனபோது படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பன்னிரண்டு வயது மகளோ பதினான்கு வயது மகனோ அதனை நிரப்பினார். "அப்பா, நீங்கள் சிகரட் குடிப்பீங்களோ?" என்று பிள்ளை கேட்டால் எந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஓமென்று சொல்வான்? மரியாதையின் பொருட்டுச் சொல்லப்பட்ட ஒரு சிறிய 'இல்லை' கணினிக்குள் போய்க் கால் நூற்றாண்டாக உண்மையாகக் குந்தியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் விடயம் அவ்வாறானதே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பில் என்னோடு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர். நள்ளிரவுப் பக்கங்கள் முடியும்வரை ஒன்றின் நெருப்பில் மற்றதைப் பற்றவைப்பவர். இலண்டனுக்குப் போய் முப்பது வருடங்களாகின்றன. சிகரட்டை விட்டு எட்டு வருடங்கள். அவருடைய தெருவில் இருந்த வேறு இருவருக்குக் கடிதம் வந்தது, அவருக்கு வரவில்லை. "நான் தப்பிவிட்டேன் போலிருக்கிறது" என்று தொலைபேசியில் சிரித்தார். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. படிவத்தை நிரப்பியவர் மகள். இப்போதும் வைத்தியரிடம் கூட்டிப்போவதும் மொழிபெயர்ப்பதும் அதே மகள்தான். அவர் முன்னிலையில் திருத்துவதற்கு அறுபத்துமூன்று வயதிலும் இந்த மனிதருக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் மகள் வேலைக்குப் போன நாளொன்றில் தனியே போய், தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கி, பதிவைத் திருத்தினார். சில மாதங்களின் பின் கடிதம் வந்தது.

ஸ்கானில் வலப்பக்கம் ஒரு சிறு முடிச்சு தென்பட்டது. உடனே ஒன்றும் செய்யவேண்டியதில்லை, மூன்று மாதங்களின் பின் மறுபடி பார்ப்போம் என்றனர். அந்த மூன்று மாதமும் அவர் உறங்கவில்லை. மறுபடி பார்த்தபோது முடிச்சு வளரவில்லை. பழைய தொற்றின் தழும்பாயிருக்கலாம் என்றார்கள்.

இந்தப் பக்கத்தையும் சொல்லாமல் மக்களை அழைப்பது நேர்மையாகாது. முற்சொன்ன அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ நான்கு ஸ்கான்களில் ஒன்று சந்தேகத்துக்குரியது எனக் காட்டியது. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோயே அல்ல. முடிச்சின் பருமனை அளந்து, வளர்கிறதா என்று பொறுத்துப் பார்க்கும் இன்றைய முறையினால் வீண் சந்தேகங்கள் வெகுவாகக் குறைந்துள்ளன, ஆனால் மறைந்துவிடவில்லை. கதிர்வீச்சும் உண்டு. ஒரு ஸ்கானில் கிடைப்பது மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓராண்டில் இயல்பாகக் கிடைப்பதிலும் குறைவு என்பதால் அதற்கு அஞ்சவேண்டியதில்லை. மெல்ல வளரும் சில கட்டிகள் காணப்படாமலே விட்டிருந்தாலும் ஆளைக் கொன்றிருக்கமாட்டா என்ற சங்கடமும் உண்டு. இவையனைத்தையும் கேட்டபின் ஒருவர் "வேண்டாம்" என்றால் அது அவர் உரிமை. கடிதத்தைப் பிரிக்காமலே வைப்பவரும் கடிதம் வரமுடியாமற் போனவரும் அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள் அல்லர்.

இதே காரணத்தினால் கொழும்பில் தனியார் நிலையங்கள் விற்கும் முழு உடற் பரிசோதனைப் பொதிகளை நான் ஆதரிக்கவில்லை. ஆபத்துக் குறைந்தவருக்கு ஸ்கான் செய்தால் நன்மை சுருங்கும், வீண் கலக்கம் அப்படியே இருக்கும். இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வெற்றிலை, புகையிலை, பாக்கினால் வரும் வாய்ப்புற்றுநோய். அதற்கு ஸ்கானும் வேண்டாம். வாயைத் திறந்து வெளிச்சத்தில் காட்டினால் போதும். அதற்கே எம்மவர் வாய் திறப்பதில்லை என்பது தனிக்கதை.

ஏனைய நாடுகளில் உள்ளோருக்கும் இரண்டு வார்த்தைகள். அவுஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1இல் தேசியத் திட்டம் தொடங்கியது. 50 முதல் 70 வயதுவரை, நோய் அறிகுறி இல்லாதவராக, நாளொரு பெட்டி வீதம் முப்பது வருடங்களுக்குச் சமமாகப் புகைத்தவராக, இன்னமும் புகைப்பவராகவோ பத்து ஆண்டுகளுக்குள் விட்டவராகவோ இருக்கவேண்டும். ஸ்கானுக்குக் கட்டணமில்லை. ஆனால் அங்கு வைத்தியர் எழுதித் தரவேண்டும். ஆகவே வைத்தியரிடம் உண்மை சொல்லவேண்டியது இன்னும் அவசியம். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் திட்டம் 2017இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. இருபது வருடங்கள் நாள்தோறும் புகைத்திருந்தால் கணக்கிற் சேரும். இடையில் விட்டுவிட்டுப் புகைத்திருந்தாலும் அந்த வருடங்களைக் கூட்டிக்கொள்வார்கள். ஸ்காபுரோவில் உள்ளவர்கள் கவனிக்க.

இதுபற்றி இலண்டன் சங்கமொன்றின் பொறுப்பாளரோடு பேசியபோது, தேர்த்திருவிழா அன்று கோயில் வீதியில் ஒரு மேசை போட்டு ஆட்களைப் பதியலாமே என்றார். நல்ல மனதோடு சொன்னார். நான் எதிர்த்தேன். இரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். புகைத்தவர்கள் வரவும் என்று எழுதிய மேசைக்கு, சம்பந்தி பார்க்க, மருமகன் பார்க்க, எவர் வருவார்? மன்செஸ்டரில் லொறி கடைத்தெருவில் நின்றது, உண்மைதான். ஆனால் அங்கு வந்தவரை எவரும் இன்னாரின் மகன் என்று அறிந்திருக்கவில்லை. எங்கள் ஊர் லண்டனுக்குள்ளும் ஊராகவே இருக்கிறது.

அதைவிட, குடும்ப வைத்திய நிலையங்கள் தமிழ் பேசும் ஒருவரைக் கொண்டு, ஐம்பத்தைந்து கடந்த நோயாளரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஒரேயொரு கேள்வியைக் கேட்கலாம். "இப்போது புகைக்கிறீர்களா?" என்றல்ல; "எப்போதாவது, எந்த நாட்டிலாவது, புகைத்ததுண்டா?" என்று. அந்தக் கேள்வியைக் கேட்பவர் பதிலைக் கேட்டு நாக்கால் 'த்ச்' கொட்டாதவராக இருக்கவேண்டும். சங்கங்கள் செய்யக்கூடியது அவ்வாறான நால்வரைத் தேடிக் கொடுப்பது. பிள்ளைகள் செய்யக்கூடியது, தேசிய சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும் என்பதை அப்பாவுக்குச் சொல்லிவிட்டு, அடுத்தமுறை வைத்தியரின் அறைக்கு வெளியே கதிரையில் இருந்துகொள்வது.